புறத்தே நின்று தொழுக

“தாயே, புறத்தே நின்று தொழுக” என்று மெய்யறி வாயில் மூன்றாம் முறையும் கூறியது.

ஏகாம்பர தேசிகர் வாயிலின் கற்பலகையிலிருந்து உள்ளங்கையை எடுத்தார். அப்பலகை வியர்வையைச் சுவைத்துக் குருதியிலுள்ள பெண்மைச் சுரப்பை அளக்கும். எல்லை அறுபது அலகு. அவருடைய அளவு எழுபத்தொன்று. உச்சிக்கால மணிக்குக் கால் நாழிகையே இருந்தது. ஆதிரை நன்னாளில் அர்த்த மண்டபத்தில் பதிகம் ஒலிக்காமல் திருமுழுக்கு நிறைவுறாது. நாற்பது ஆண்டுகளாக அதைப் பாடிவந்த ஓதுவார் அவர்.

அங்கே ஆடவரே பாடலாம் என்ற மரபுக்கு எண் வகுத்து, பதினாறு ஆண்டுகளுக்கு முன் இவ்வாயிலை வைக்கச் செய்தவரும் அவரே. யார் சொல்லினும் திறக்கலாகாது என்று விதி எழுதினார். மறுக்கும் சொல் கேட்பவரைக் கூசச்செய்யாதிருக்கட்டும் என்று அதையும் தாமே இயற்றித் தந்தார். முதல்நாள் சோதனைக்குத் தங்கை மங்கையர்க்கரசியின் கையையே வைக்கச் செய்தார். வாயில் மறுத்தது, அவர் மகிழ்ந்தார்.

இப்போது அவர் தோளுக்குள் பெண்மைச் சுரப்பைச் செலுத்தும் ஒரு சுரப்பூட்டி இருந்தது. பெண்மைச் சுரப்பு மிகுந்தால், ஆண்மைச் சுரப்பை ஊறச்செய்யும் ஆணையை மூளை நிறுத்திவிடும்; ஆண்மைச் சுரப்பை உண்டு வளரும் சுக்கிலச் சுரப்பிப் புற்று பட்டினி கிடக்கும். ஈராண்டாக அப்படித்தான் உயிர் நின்றது. மார்பு சற்றே பருத்திருந்தது. திருவிழாவுக்குள் அளவு இறங்கட்டும் என்று ஐந்து நாளுக்கு முன் அவர் ஊட்டியை நிறுத்தினார். புற்று முதுகெலும்பில் படர்ந்திருக்கிறது, ஊட்டியை நிறுத்தினால் அது பெருத்து நரம்பை நசுக்கும், கால்கள் திரும்ப வாரா என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

நான்காம் முறை கை வைத்தார். எழுபது. இடக்கால் மரத்துத் துவண்டது.

பின்னால் நின்ற தங்கை ஊட்டியை இயக்கும்படி மன்றாடினாள். இன்னும் சிறிது நேரம் என்றார் அவர். இந்த உடம்போடு சந்நிதியில் நிற்பதே கூச்சம், பாடாமலும் போனால் எதற்கு உயிர் என்றும் முணுமுணுத்தார்.

“நாப்பது வருஷமா வளை கழண்ட பொண்ணாத்தானே அண்ணா உருகி உருகிப் பாடுறீங்க? இப்ப ஒடம்பும் கூடச் சேந்துக்கிச்சு. அதுக்குப் போய் இவ்வளவு கோவமா?”

அவருடைய கால் முற்றும் சரிந்தது. ஒரு கையால் அவரைத் தாங்கிய மங்கையர்க்கரசி, விழாதிருக்க மறுகையைப் பலகையில் ஊன்றினாள்.

“அடியவரே, அகம் புகுக.”

கதவு திறந்தது. பலகையில் ஒன்பது என்ற எண் ஒளிர்ந்தது. மாதவிலக்கு நின்றபின் பெண்ணுடலில் அச்சுரப்பு ஆண்களுக்கு இருப்பதினும் குறைந்துவிடும். விதி எழுதிய நாளில் எவரும் ஒரு பெண்ணைக் கேட்கவில்லை. அவளுக்கு இப்போது அறுபத்து நான்கு.

இருவரும் கதவைப் பார்த்தனர். மணி ஒலிக்கத் தொடங்கியது.

“போ, அரசி” என்றார் தேசிகர். “மூணாம் பாட்டுல அவசரப்படாதே. அப்பா நம்ம ரெண்டு பேருக்கும் பாடம் வச்சப்ப சொன்னது ஞாபகமிருக்கா?”

“உங்களுக்குத்தான் மறந்துபோகும்” என்று சொல்லி, அவரைத் தூணில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு உள்ளே போனாள்.

கதவு மூடியது. அவர் தோளைத் தடவி ஊட்டியை மீண்டும் இயக்கினார். உள்ளிருந்து முதல் அடி எழுந்தது. தலைவனைக் காணாத பெண்ணின் குரல். எழ முயன்றவரின் கை பலகையின் விளிம்பைப் பற்றியது.

“தாயே, புறத்தே நின்று தொழுக.”

நிற்கக் கால் இல்லை. இருந்தபடியே கைகூப்பினார்.