வால்புர்காவின் வாசலில் பூனைச் சங்கீதம்

"ஐயா, இன்னிக்கும் வருவாங்க. என்னைக் கொன்னே போட்டுடுவாங்க!"

காலையிலேயே ஓடிவந்து நின்றாள் ரொட்டிக்கடை விதவை வால்புர்கா. ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஹேகலே நிதானமாக நாற்காலியைக் காட்டினார். அவருடைய அக்கா மகள் சிபில்லாவுக்கோ ஆர்வம் தாங்கவில்லை.

மூன்று இரவாக, முகத்தில் கரி பூசிய கூட்டம் வால்புர்காவின் ஊர்க்கோடி வீட்டின் முன் சட்டிகளைத் தட்டி ஊளையிட்டது. 'கல்யாணப் பொண்ணே, வெளியே வா' என்று கத்தியது. நெக்கர் ஆற்றங்கரையில் இதைக் காட்ஸென்முசீக், பூனைச் சங்கீதம் என்பார்கள்.

"வழக்கப்படி வாசப்படியில ஒயின் ஜாடி வெச்சுக் கெஞ்சினேன். யாரும் தொடல. கல்லுதான் வந்துச்சு."

"அடேங்கப்பா, ஓசி ஒயினை விட்டுட்டானுங்களா!" என்றாள் சிபில்லா.

"கடையை வித்துட்டு டெட்லெஃப் கூட வடக்கே கடலோரம் அவர் ஊருக்கே போயிடறேன். என்னைக் கட்டிக்கப் போறவர். மத்தியானம் கடையை விக்கிற பத்திரத்துல கையெழுத்து, பணத்தை அவர்தான் வாங்கி வெச்சுக்கறார்."

மத்தியானம் கடைக்கு ஹேகலே சிபில்லாவோடு வந்தபோது, டெட்லெஃப் அவளுடைய தோளைத் தட்டி ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அம்மா, ஜோடி தேடற பூனை ஜன்னலடியில கத்துமே, அதை வெச்சுதான் பூனைச் சங்கீதம்னு பேரு வந்ததா எங்க பக்கம் சொல்லுவாங்க," என்றார் ஹேகலே. "விதவை மறுபடி கட்டிக்கிட்டா ஊர்ப் பசங்க அப்படிக் கத்தி மானத்தை வாங்குவாங்க. சரி, உங்க கல்யாணம் யாருக்குத் தெரியும்?"

"எங்க ரெண்டு பேருக்குத்தான். காலையில உங்ககிட்ட சொன்னதைத் தவிர யார்கிட்டயும் மூச்சு விடல."

"அப்ப 'கல்யாணப் பொண்ணே'ன்னு கத்தினவனுக்கு யார் சொன்னது? ஒயின் வெச்சா குடிச்சு வாழ்த்திட்டுக் கலைஞ்சுடணும். இது நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். தெரியாதவன் கூலிக்குக் கத்த வந்த வெளியூர்க்காரன். அதைச் சொல்லி அனுப்பத் தெரியாதவனும் வெளியூர்க்காரன்தான்."

வால்புர்கா திரும்பிப் பார்த்தாள். டெட்லெஃபின் முகம் வெளுத்திருந்தது.

"கிழவன் உளறல்! நீ முதல்ல கையெழுத்தைப் போடு, அப்புறம் பேசிக்கலாம்," என்று அவன் பேனாவை நீட்டினான்.

அவள் பத்திரத்தைக் கிழித்தாள். சிபில்லா கதவைத் திறந்துவிட, அவன் தொப்பியைக்கூட எடுக்காமல் ஓடினான்.

அன்று இரவு வாசலில் ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் வால்புர்காவுக்குக் கண் மூடவில்லை. மூன்று நாளும் பொழுது விடிந்ததும், பயம் தாங்காமல் அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டது, ஆறுதல் சொல்ல வந்த டெட்லெஃபுக்குத்தான்.