ஈரச்சுவர் அனுப்பிய கேசட்

சனிக்கிழமை மூன்று மணிக்கு அவர் மெத்தைக் கடையின் பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வானொலி நிலையம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் உண்டு, அது ஓடி யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி, பையைத் தோள் மாற்றிக்கொண்டு ஏறினார். படிக்கட்டு முழுக்கப் புது நுரைமெத்தையின் வாசனை. இருபத்து நான்கு வருடமாக ஏறுகிற படிதான். இப்போதெல்லாம் வாரத்துக்கு இரண்டு படியை யாரோ கூட்டி வைத்துவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

மற்ற நாட்களில் அவர் ஒரு மருந்துக் கிடங்கில் சரக்குச் சரிபார்க்கிறவர். சனிக்கிழமை நாலிலிருந்து ஆறு வரை மட்டும் 'இடி'. பங்க், மெட்டல் என்று காதைக் கிழிக்கிற இசைக்கு அந்தச் சின்ன வானொலியில் இருந்த ஒரே நிகழ்ச்சி அவருடையது. யாரும் கேள்விப்படாத குழுக்களைத் தேடிப் பிடித்துப் போடுவார். எங்கெங்கோ கார் ஷெட்டிலும் மொட்டை மாடியிலும் கத்திப் பாடுகிறவர்கள் பொட்டலம் கட்டி அனுப்புவார்கள். உலகம் எதற்கு மாறினாலும் இந்தக் கூட்டத்துக்கு இன்றைக்கும் கேசட்தான் கௌரவம்.

"எனக்கு வர்ற ஒவ்வொரு கேசட்டையும் கடைசி நொடி வரைக்கும் கேப்பேன்" என்று ஒவ்வொரு வாரமும் மைக்கில் சொல்வார். முதல் பதினெட்டு வருடம் அது சத்தியமான வார்த்தை. அப்புறம் சலித்துவிட்டது. அவரும் மனுஷன்தானே? யாரைக் கேட்டாலும் அதே ட்ரம், அதே கத்தல். இருபது நொடி கேட்பார். முதல் பாட்டைப் போடுவார். "முழுசாக் கேட்டேன், இதைவிட ரெண்டாவது பாட்டு பிரமாதம்" என்று வாய் கூசாமல் சொல்வார். எல்லாக் குழுவுக்கும் அதே பாராட்டு. எங்கள் இரண்டாவது பாட்டை ஏன் புகழ்ந்தாய் என்று யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்?

அன்றைக்கு ஒருத்தன் வந்திருந்தான்.

ஒலிபரப்பு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும். கையெல்லாம் வெல்டிங் பொறி சுட்ட தழும்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கருவிகளைப் பார்த்துக்கொள்கிற பெண்மணி, வாயே திறக்க மாட்டாள் என்பதால் நிலையத்தில் எல்லாரும் 'சவுண்டு' என்று கூப்பிடுகிறவள், ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். ஒரு மணியிலிருந்து காத்திருக்கிறானாம்.

அவன் குரலை உயர்த்தாமல் சொன்னான். மூன்று மாதத்துக்கு முன்னால் 'ஈரச்சுவர்' என்று ஒரு குழுவின் பாட்டு வந்ததே, அது குழு இல்லை, அவனுடைய அக்கா ஒருத்திதான். கிட்டார், ட்ரம், கத்தல் எல்லாமே அவள். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தவள். நுரையீரல் கெட்டுப்போய் மருத்துவமனையில் படுத்திருந்தாள். கேசட்டை அனுப்பிவிட்டு அவனிடம் சொல்லியிருக்கிறாள்: ஒரு விஷயம் இருக்கு, உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியல, கேசட்ல சொல்லியிருக்கேன், இடி கடைசி வரைக்கும் கேக்கிறவர், கண்டிப்பாப் போடுவார். அந்தச் சனிக்கிழமை வார்டில் இருவரும் ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டார்கள்.

"அதுல ஒரே ஒரு பாட்டுதான் சார். மீதி பூரா அவ பேசி வெச்சிருந்தா. நீங்க ரெண்டாவது பாட்டு பிரமாதம்னு சொன்னீங்க."

அவர் தோளில் இருந்த பையை இறக்கிப் பெஞ்சில் வைத்தார்.

"அவ கோவப்படல சார். சிரிச்சா. சிரிச்சதுல இருமல் வந்துது. ஏழு மணிக்கெல்லாம் போயிட்டா."

சண்டை போட வரவில்லை என்றான். வேறு பிரதி கிடையாது, அந்தக் கேசட்டைக் கொடுத்தால் போதும், அவள் என்ன சொன்னாள் என்று தெரியாமல் தூக்கமே வருவதில்லை என்றான். அவன் கண்ணைப் பார்த்தாலே அது தெரிந்தது.

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் பண்டக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தேட என்ன இருக்கிறது? அந்தக் கேசட்டுக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பல் உண்டு. அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. பொக்கிஷமாக நினைக்கிறவர்கள் உடைத்துத்தான் அனுப்புவார்கள். உடைந்த இடத்தில் ஒரு துண்டு காகிதத்தை ஒட்டிவிட்டால் மறுபடியும் பதியலாம். ஆறு வருடமாக அவர் செய்துகொண்டிருந்தது அதுதான். ஊரார் அனுப்பிய கேசட்டுகளில் காகிதம் ஒட்டி, தன் நிகழ்ச்சியையே பதிந்து அடுக்கி வைத்திருந்தார். ஈரச்சுவரின் மேல் அடுத்த வாரமே தன் குரலைப் பதிந்துவிட்டார்.

செத்துப்போனவளின் கடைசிப் பேச்சை அழித்துவிட்டு அங்கே தன் பீற்றலை எழுதி வைத்திருக்கிறார். அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம், அவனும் அழுதுவிட்டுப் போய்விடுவான் என்று தோன்றியது. இருந்தாலும், ஓரத்தில் ஒரு நிமிஷமாவது மிச்சம் இருக்காதா என்ற நப்பாசையில் கேசட்டைப் போட்டு ஹெட்ஃபோனை மாட்டினார்.

"வணக்கம், நான் உங்க இடி. எனக்கு வர்ற ஒவ்வொரு கேசட்டையும்..."

அவருடைய குரல்தான். கேட்கச் சகிக்கவில்லை. நாடாவை ஓட்டினார். மறுபடியும் அவரே. இன்னும் ஓட்டினார். ஏதோ ஒரு குழுவை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தவர், வாக்கியத்தின் நடுவில் நின்றார்.

அவர் அப்படி நிறுத்தியதே இல்லை.

நாடா ஓடிக்கொண்டிருந்தது. அதில் யாரோ மூச்சு வாங்கினார்கள். படியேறி வந்த மூச்சு இல்லை. படுத்திருக்கிறவர்களின் மூச்சு, இழுத்து இழுத்து, அடியில் சளி உரசுகிற மூச்சு. நுரைமெத்தை வாசனை போன இடம் தெரியவில்லை. அறைக்குள் மருத்துவமனை வாசனை, தரை துடைக்கிற மருந்தின் வாசனை.

இரண்டு இருமல்.

பிறகு குரல் வந்தது. அவருடைய குரல்தான். கட்டையான, இருபத்து நான்கு வருடம் கத்தித் தேய்ந்த அதே குரல்.

"டேய் குண்டுமணி," என்றது. "கேக்கறியா?"

ஹெட்ஃபோனைக் கழற்றி வீசினார். அது மேசையில் கிடந்தபடியே முணுமுணுத்தது. கத்த வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

கதவு திறந்தது. பெஞ்சில் இருந்தவன் வாசலில் நின்றான். முணுமுணுப்பு அவன் காதிலும் விழுந்திருக்க வேண்டும், முகம் வெளிறியிருந்தது. எதுவும் கேட்காமல் வந்து ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டான். நின்றபடியே கேட்டான். கொஞ்ச நேரம் கழித்துத் தரையில் உட்கார்ந்தான். பத்து நிமிஷம் போலக் கேட்டான். நடுவில் ஒரு தடவை சிரித்தான். அதன்பிறகு முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

நாடா நின்றதும் நிமிர்ந்து பார்த்தான்.

"உங்க குரல் சார். ஆனா அவதான். என் சின்ன வயசுப் பேரு அவளைத் தவிர யாருக்கும் தெரியாது."

அவரால் தலையை மட்டும் ஆட்ட முடிந்தது.

மிச்சத்தை அவனே சொன்னான். அக்கா முதன்முதலாக ரத்தம் இருமிய ராத்திரி அவனுக்கு நாலு தடவை போன் அடித்திருக்கிறாள். அவன் பட்டறையில் இருந்தான், எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பிழைத்திருப்பாளோ என்றுதான் மூன்று மாதமாக உருகிக்கொண்டிருந்தான். போன் எடுக்காததை அவள் ஒரு நாளும் மனசில் வைத்ததில்லையாம். அதை வைத்துக்கொண்டு அவன் வாழக்கூடாதாம்.

கேசட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான். கையெடுத்துக் கும்பிட்டான். அதைப் பார்க்க அவருக்குக் கூசியது. வாசல் வரை போனவன் தயங்கித் திரும்பினான்.

"உங்களுக்கும் ஒண்ணு சொல்லியிருக்கா சார்."

என்ன என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

"இன்னும் நிறைய பேச வேண்டியிருக்காம். மூச்சுதான் பத்தலையாம்." சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "உங்ககிட்ட இருக்குன்னு சொல்றா."

நாலு மணி. தொண்டை கட்டியிருக்கிறது, தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டு போய் மைக் முன்னால் உட்கார்ந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. வணக்கம் என்றார். உதடு அசைந்தது. ஒலி அளவு காட்டுகிற முள் படுத்தே கிடந்தது. மறுபடியும் சொன்னார். முள் அசையவில்லை.

வாயை மூடினார்.

முள் எழுந்தது.

"இன்னிக்குப் பாட்டு கிடையாது," என்றது அவருடைய குரல், ஹெட்ஃபோனில், நிதானமாக. "ரொம்ப நாளாப் பேச முடியாமக் கிடந்தேன். கொஞ்சம் பேசிக்கறேன்."

கண்ணாடிக்குப் பின்னால் சவுண்டு கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருடைய மூடிய வாயை அவள் பார்க்கவே இல்லை. குரல் வார்டைப் பற்றிப் பேசியது. பக்கத்துக் கட்டில் கிழவரைப் பற்றி, விடியற்காலையில் வருகிற பயத்தைப் பற்றி. தொலைபேசி விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. சவுண்டு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள். குரல் மூச்சு வாங்கும்போதெல்லாம் அவருடைய நெஞ்சு தானாக விரிந்தது. எழுந்து ஓட வேண்டும் என்றுதான் இருந்தது. கால் வரவில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருந்தார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இடுப்பெல்லாம் விட்டுப்போயிருந்தது. மனைவி அடுக்களையில் இருந்தாள். அவரைத் திரும்பிப் பார்க்காமலேயே, இருபத்து நான்கு வருடத்தில் இன்றைக்குத்தான் அவர் நிகழ்ச்சியை முழுசாகக் கேட்டதாகவும், அழுதுவிட்டதாகவும் சொன்னாள். அது நான் இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? ஒரு தாளில் எழுதிக் காட்டலாம். முதலில் முகம் கழுவிக்கொள்ளலாம் என்று குளியலறைக்குள் போனார்.

தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தபோது அவள் குரல் கேட்டது.

"சாப்பிட வரீங்களா?"

அவர் குழாயை மூடினார்.

"நீ சாப்பிடும்மா," என்று ஆளில்லாத முன்னறையிலிருந்து அவருடைய குரல் பதில் சொன்னது. "எனக்கு இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு."

சரி என்றாள் அவள். ஒரு தட்டு மட்டும் எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.