இடது கைப்பிடி

வெயில் ஏறும் முன்பே ஜெபக்கனி பட்டப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தேரி மணல்மேட்டுக்குக் கிளம்பிவிடுவாள். செம்மணல் அப்போது குளிர்ந்திருக்கும். மேட்டின் உச்சியில் துணியை விரித்து, கார்பன் குச்சிகளை உறைகளில் செருகி, நான்கு நூல்களையும் சிக்கில்லாமல் நீட்டி வைப்பாள். கைப்பிடிகள் இரண்டு. ஒவ்வொன்றின் தலையில் ஒரு நூல், அடியில் ஒரு நூல். தலைநூலை இழுத்தால் பட்டம் முன்னே பாயும். அடிநூலை இழுத்தால் நிற்கும். இன்னும் இழுத்தால் பின்வாங்கும். சொல்வதற்கு அவ்வளவுதான். வைகாசியில் பழக ஆரம்பித்தவள், ஆடி பிறந்தும் பட்டத்தைத் தரையில் மோதிக்கொண்டேயிருந்தாள்.

மேலே நிழல் தொங்கியது. அவள் பிறப்பதற்கு முன்பே வானில் தூவப்பட்ட நிழல்துகள்கள் அவை. கண்ணுக்குத் தெரியாத கோடி நுண்ணியந்திரங்கள் சேர்ந்து வெயிலை வடிகட்டி, சாம்பல் நிற வெளிச்சமாக ஊருக்குள் அனுப்பின. அவை இல்லாத இடத்தில் பகலில் மனிதர் நடமாட முடியாது. ஆனால் தாமாக ஓரிடத்தில் நிற்க அவற்றுக்குத் தெரியாது. தினமும் ஏதாவது ஒன்று அவற்றினூடே ஒழுங்காக அலைந்து காட்ட வேண்டும். அந்த அசைவைப் பிடித்துக்கொண்டு அவை ஊர் முழுக்கப் பரவி நிற்கும். ட்ரோன் போன்று மின்சாரத்தில் ஓடும் எதுவும் அருகே போனால் துகள்கள் சிதறிவிடும். அதனால் துணியும் குச்சியும் மனிதக் கையும்தான் மிஞ்சின. ஊருக்கு ஒரு நிழலோட்டி. ஆலந்தேரிக்கு ஜெபக்கனியின் கணவன் ஞானதுரை பல வருடம் நிழலோட்டியாக இருந்தான். சித்திரையில் ஒரு காலை, இதே மேட்டில், மாரடைப்பில் இறந்துபோனான். அவன் கைப்பிடிகள் அவளுக்கு வந்தன.

"பட்டுன்னு போயிருக்கும்மா. வலியே தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாட்களை ஓட்டினாள்.

"பின்னால போகாதிய மதினி! முன்னால நடங்க, முன்னால!"

கத்தியவள் கிருபை, ஞானதுரையின் தங்கை. அண்ணனின் பட்டங்களைத் தைத்ததும் பழுது பார்த்ததும் அவள்தான். சிறுவயதில் நடந்த ஒரு விபத்தில் வலக்கை விரல்கள் மடங்காமல் போனதால், அவளால் இரண்டு கைப்பிடியையும் பிடிக்க முடியாது; சொல்லிக் கொடுக்க மட்டும் முடியும்.

ஜெபக்கனிக்குத் தெரிந்த பாடம்தான். பட்டம் விழப் போகிறதென்றால் அதை நோக்கி ஓடி நூலைத் தளர்த்த வேண்டும். பின்னால் நகர்ந்தால் வேகம் கூடிக் குச்சி நொறுங்கும். ஆனால் பயந்த கால் பின்னால்தான் போகிறது. பட்டம் தலைகீழாக மணலில் குத்தியது. குச்சி முறிந்த சத்தம் மேட்டின் உச்சிவரை கேட்டது.

"கையால தொடாதிய. சிலாம்பு ஏறுச்சுன்னா கண்ணுக்கே தெரியாது, உள்ளயே கெடந்து அறுக்கும்."

கிருபை சிலாம்பு சிதறாதபடி முறிவின் மேல் டேப்பைப் பல்லால் பிடித்து இடக்கையால் இறுக்கிச் சுற்றினாள். பிறகு குச்சியை இறக்கையின் ஓரம் வழியாக உருவி, உறையைத் தலைகீழாகத் தட்டினாள். கறுப்புத் தூள் உதிர்ந்தது. முறிந்த முனைகளைச் சின்ன ரம்பத்தால் சமமாக அறுத்து, உள்ளே ஒரு மெல்லிய குழாயைச் செருகி ஒட்டினாள். மற்றக் குச்சிகளையும் ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து வளைத்துப் பார்த்தாள். நெரியும் சத்தம் கேட்ட ஒன்றைத் தூர எறிந்தாள்.

"எப்பவும் இடப்பக்கமே ஒடியுது, பாத்தியா?" என்றாள் ஜெபக்கனி.

"காத்து அப்படி" என்றாள் கிருபை, தலை நிமிராமல். "நீங்க அந்தக் கிழக்கு மூலைக்குப் போகாதிய. சுத்திப் போங்க."

சுற்றிச் சுற்றிப் போனதிலும், முன்பு அங்கே மோதி மோதி விழுந்ததிலும் கிழக்கு மூலையில் நிழல் கிழிந்துபோயிருந்தது. அந்தக் கிழிசல் வழியாக ஒரு வெள்ளை வெளிச்சம் நேராகக் கீழே இறங்கும். கிழக்குத் தெருவில் கட்டிப் போட்டிருந்த ஆடு ஒன்று நின்ற இடத்திலேயே சுருண்டு செத்தது. அந்தத் தெருக்காரர்கள் கதவுகளில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு உள்ளேயே கிடந்தார்கள். கிழிசல் வாரத்துக்கு வாரம் பள்ளிக்கூடத்தை நோக்கி நகர்ந்தது.

ஒரு காலை ஜெபக்கனி கிருபை வருவதற்கு முன்பே பட்டத்தை ஏற்றினாள். நேராகக் கிழக்கு மூலைக்கு விட்டாள். அங்கே நுழைந்ததும் துணியின் படபடப்பு நின்றது. நூலின் ரீங்காரமும் நின்றது. அவள் இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். அப்போது இடது கைப்பிடி அவள் விரல்களுக்குள் தானாகச் சாய்ந்தது. அடிநூல் இழுபட்டது. தளர்ந்தது. மறுபடி இழுபட்டது, மெதுவாக, ஒரு மூச்சு இழுத்து விடும் நேரத்தில். அவள் கையை உதறினாள். பட்டம் சரிந்து விழுந்தது.

கிருபை வந்தபோது அவள் முறிந்த குச்சியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"என் கை அசையவே இல்ல கிருபை. நூல் இழுக்கு. அங்க என்ன இருக்கு?"

கிருபை கிழக்கு மூலையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணன் இருக்கான்."

நிழலோட்டிகள் எல்லாருக்கும் தெரிந்த, வெளியே பேசாத விஷயம் அது. துகள்கள் வழியை மட்டும் கற்பதில்லை. ஓட்டுகிறவரின் கையையும் கற்கின்றன. அதைக் கைப்பதிவு என்பார்கள். ஆள் போய்விட்டாலும் சில காலம் அந்தக் கை வானத்தில் நிற்கும், பிறகு கலைந்துவிடும். கலையாவிட்டால் எதிர்த்து இழுத்துக் கலைத்துவிட வேண்டும் என்பது நிழல் வாரியத்தின் உத்தரவு.

"கலைச்சுட்டா அவன் எங்கயும் இருக்க மாட்டான் மதினி" என்றாள் கிருபை. "கல்லறையில இருக்கது வெறும் எலும்பு. அங்க இருக்கது அவன் கை."

"பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தாச்சு கிருபை. பிள்ளையள் தலையில வெயில் இறங்கினா, அதுக்கு உங்கண்ணன் கைதான் காரணம்னு ஆகும். அத அவர் தாங்குவாரா?"

கிருபை அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, உடைந்த குச்சியைச் சரிசெய்ய உட்கார்ந்தாள். வேலை முடிந்ததும் இடக்கையை நீட்டினாள்.

"இடது கைப்பிடிய எங்கிட்டத் தாங்க. ஒரு தடவை அவன் கையப் பிடிச்சுக்கிடுதேன். பொறகு எதிர்த்து இழுப்போம்."

இருவரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். பட்டம் கிழக்கு மூலைக்குள் போனது. சத்தம் அடங்கியது. கிருபையின் கை சாய்ந்தது. ஜெபக்கனி எதிர்த்து இழுக்கத் தயாரானாள்.

"பொறுங்க" என்றாள் கிருபை. "இழுக்காதிய. இது சாகக் கெடக்கவன் துடிக்குத இழுப்பு இல்ல. கீழ இறக்கப் பாக்குதான் மதினி. இடக்கை செத்துக்கிட்டே வருது, ஆனா பட்டத்தை விழவிடாம இறக்கப் பாக்குதான்."

ஜெபக்கனிக்குப் புரிந்துவிட்டது: சித்திரையில் அந்தக் காலை அவன் கடைசியாக இழுத்த இழுப்பு இது. அப்போது பிள்ளைகள் முழுப்பரீட்சைக்குப் பள்ளிக்கூடம் போகும் நேரம். பட்டம் மோதினால் நிழல் கிழியும். கைப்பிடியை விட்டுவிட்டு, உதவி கேட்டு இடுப்பில் இருந்த அபாயப் பொத்தானை அவன் அழுத்தியிருக்கலாம். அழுத்தவில்லை. மூச்சு மூச்சாக இழுத்துக்கொண்டே நின்றிருக்கிறான், வெகு நேரம், தனியாக. டாக்டர் சொன்னது உண்மையில்லை.

"அவர் கை போற வழிக்கே போவோம்" என்றாள் அவள்.

கிருபை இடக்கையை வானத்தின் இழுப்புக்கு விட்டுக்கொடுத்தாள். அதன் போக்குக்கு ஏற்ப ஜெபக்கனி வலக்கையைச் சேர்த்தாள். இருவரும் முன்னால் நடந்தார்கள். பட்டம் பின்வாங்கிப் பின்வாங்கி இறங்கியது. ஓரிடத்தில் இடது நூல் சட்டென்று செத்துத் தொங்கியது. அவன் கை அவ்வளவு தூரம்தான் வந்திருக்கிறது. அதற்குக் கீழே கிருபை தன் கையால் இறக்கினாள். பட்டம் ஒரு குச்சியும் முறியாமல் மணலில் உட்கார்ந்தது. பாதியில் நின்றிருந்த இறக்கம் முடிந்ததும் துகள்கள் கிழிசலை மூடிக்கொள்ள, கொஞ்ச நேரத்தில் கிழக்குத் தெருவின் மேல் சாம்பல் வெளிச்சம் பரவியது. யாரோ சாக்கை விலக்கிக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் முதல் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓட்டினார்கள். வானம் இருவர் கையையும் சேர்த்தே கற்றுக்கொண்டுவிட்டது. வாரியமும் ஒன்றும் சொல்லவில்லை. பட்டம் விழுவது நின்றது.

ஐப்பசியில் கிருபைக்குக் காய்ச்சல் கண்டது. சேர்ந்து ஓட்டத் தொடங்கிய பிறகு முதல்முறையாக ஜெபக்கனி இரண்டு கைப்பிடியையும் தானே பிடித்தாள். பட்டம் மேலே நின்றதும் இடது கைப்பிடி தானாகத் திரும்பியது, கிருபை திருப்புகிற அதே விதமாக, கடைசியில் ஒரு சின்ன வெட்டோடு. எவ்வளவு இதமாக இருக்கிறது என்று ஒரு கணம் நினைத்தாள். மறுகணம் கிருபையின் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உயிரோடு இருப்பவர் கையும் இல்லாதவர் கையும் மேலே ஒன்றுபோலத்தான் இழுக்கும்.

பட்டத்தை எப்படி இறக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. பையைக்கூட எடுக்காமல் மணலில் கால் புதையப் புதைய ஓடினாள். கிருபையின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. இரண்டு கையாலும் தட்டினாள்.

போர்வையைச் சுற்றிக்கொண்டு கிருபை கதவைத் திறந்தாள். "என்ன மதினி, இப்படி ஓடி வாறிய? குச்சி ஒடிஞ்சுட்டா?"

ஜெபக்கனி அவளுடைய இடக்கையைப் பிடித்தாள். காய்ச்சலில் அது கொதித்துக்கொண்டிருந்தது.