போறேன் என்றொரு விசை

நான்காம் எண் பாரந்தூக்கியை மட்டும்தான் அமலோற்பவம் உயர்த்தினாள். நான்கும் உயர்ந்தன.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், முத்துக்கரைச் சரக்குத்துறையில் சும்மா நின்றுகொண்டிருந்த மற்ற மூன்று பாரந்தூக்கிகளும் நான்காவதைப் பார்த்துக் காப்பியடிப்பது போலத் தங்கள் வெறுங்கொக்கிகளை மேலே இழுத்தன. அவள் இடது அம்புவிசையைத் தட்டினாள். நான்கும் இடப்பக்கம் நகர்ந்தன. வலது விசையைத் தட்டினாள். நான்கும் வலப்பக்கம் திரும்பின. பள்ளிக்கூட உடற்பயிற்சி வகுப்பு போல இருந்தது, பார்க்கச் சிரிப்பாகக்கூட இருந்திருக்கும். ஆனால் நான்காம் எண்ணின் கொக்கியில் இருபது டன் பெட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, கப்பலின் சரக்குக் குழியில் ஐந்து ஆட்கள் நின்றார்கள்.

"கொரேரா, இங்க வந்து பாரும்! எல்லாம் சேர்ந்து ஆடுது!"

அடுத்த மேசையில் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்த கொரேரா எழுந்து ஓடிவந்தார். அவளோடு நெடுநாளாக அதே அறையில் வேலை பார்க்கிறவர், லேசில் பதறாதவர். கண்ணாடிக்கு வெளியே ஒரு பார்வை பார்த்தார். வடையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சுவரில் இருந்த மூன்று மின்கைப்பிடிகளை ஒவ்வொன்றாகக் கீழே இழுத்தார். வெறுங்கொக்கிகள் நின்றுவிட்டன.

"உன் தாவியில ஏதோ கோளாறு," என்றார்.

தாவி என்பது விசைப்பலகையும் சுட்டியும் சேர்ந்த ஒரு ஜோடி. ஒரு காலத்தில் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி விசைப்பலகை, தனித்தனி சுட்டி என்று வாங்கி மேசையை அடைத்து வைத்திருந்தார்கள் என்றால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. இப்போது ஆளுக்கு ஒரு தாவிதான். கம்பியும் கிடையாது, கட்டுப்பாடும் கிடையாது. வங்கியாகட்டும், பேக்கரி அடுப்பாகட்டும், பாரந்தூக்கியாகட்டும், எந்திரங்களுக்குத் திரை மட்டும்தான் உண்டு, விசை கிடையாது. திரைக்கு முன்னால் போய் நின்று "வந்துட்டேன்" என்று சொன்னால் போதும். உங்கள் தாவி அதோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டவைப்பதில் சிக்கல் வரவில்லை. பிரிப்பதில்தான் வந்தது. செய்தவர்கள் புத்திசாலிகள், "போறேன்" என்றால் இணைப்பு அறும் என்று வைத்தார்கள். முதல் நாளே தெரிந்துவிட்டது, இந்த ஊரில் கிளம்புகிற எவனும் "போறேன்" என்று சொல்வதில்லை. நாக்கு வளையவே வளையாது. அது திரும்பி வராதவன் சொல்கிற சொல். அத்தனை பேரும் "வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். கிளம்புகிறவன் ஏன் வருகிறேன் என்கிறான் என்று எந்திரங்கள் முழித்தன. கடைசியில் கம்பெனிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். "வாரேன்" என்றால் இணைப்பு தூங்கும், அறாது. நீங்கள் திரும்பி வந்ததும் விழித்துக்கொள்ளும். அறுக்க வேண்டுமென்றால் மட்டும் "போறேன்" சொல்லுங்கள் என்றார்கள். யாரும் சொல்லவில்லை. ஆக, ஊரில் ஒவ்வொருவருக்கும் அவர் தொட்ட எந்திரங்கள் எல்லாவற்றோடும் ஒரு தூங்கும் இணைப்பு இருந்துகொண்டே இருந்தது. அதனால் ஒரு தீங்கும் வரவில்லை, அன்றைய மத்தியானம் வரை.

கொரேரா தன் தாவியின் ஓரத்தில் இருந்த சின்னத் திரையைத் தடவினார். காலையில் வந்திருந்த அறிவிப்பு ஒன்று அதில் இருந்தது. எல்லோரையும் போல அமலோற்பவமும் அதைப் படிக்காமல் ஒதுக்கித் தள்ளியிருந்தாள். அவர் இப்போது வாய்விட்டுப் படித்தார்.

"இன்று மத்தியானம் முதல் நீங்கள் காத்திருக்க வேண்டாம். வருவதாகச் சொன்ன எல்லா இடங்களிலும் இப்போதே இருங்கள்." அவர் தலையைத் தூக்கினார். "நாசமாப் போச்சு. நீ எங்கெல்லாம் வாரேன்னு சொல்லிட்டு வந்தியோ, அங்கெல்லாம் இப்ப நீ இருக்க, அமலி. நீ தட்டுறது அத்தனையும் அங்கயும் விழும்."

அவள் விரல்கள் அம்புவிசைகளின் மேல் அப்படியே நின்றன. காலையில் கடைசியாக எங்கே "வாரேன்" சொன்னாள் என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மேசையிலிருந்த கைப்பேசி அலறியது. பக்கத்து வீட்டு பிலோமி அக்கா.

"ஏ அமலி! உன் வீட்டுக்காரரு கட்டிலு தானா ஏறுது! தலைமாடும் ஏறுது, கால்மாடும் ஏறுது, மனுசன் நடுவுல மடங்கிக் கெடக்காரு! நான் என்னத்தப் பிடிச்சி நிப்பாட்ட?"

அவள் கணவன் இன்னாசி கப்பல் ஏணியிலிருந்து விழுந்தவன். கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது. பேச்சு உண்டு, சிரிப்பு உண்டு, கோபம் நிறையவே உண்டு. அவனைப் புரட்டிப் போடுவது, நிமிர்த்தி உட்காரவைப்பது எல்லாம் தாங்குகட்டில்தான் செய்யும். அதை நடத்துவது அவள் தாவி. மேல்விசையைத் தட்டினால் கட்டில் நிமிரும், பக்கவிசையைத் தட்டினால் புரளும். அவள் வேலைக்கு வந்தபின் அது தன் பழக்கப்படி மெல்ல, அளவோடு இயங்கும். ஆனால் தன்னை இயக்குகிற கைக்காரி பக்கத்தில் நிற்கிறாள் என்று நினைத்துவிட்டால் அதற்கு அளவு கிடையாது. அவள் எவ்வளவு தட்டுகிறாளோ அவ்வளவு மடக்கும். இப்போது அவள் பக்கத்திலேயே நிற்பதாக அது நினைத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, மின்சாரத்த நிப்பாட்டுங்க!"

"நிப்பாட்டிட்டேன்! அதுக்குள்ள என்னமோ பாட்டரி கெடக்காம்லா, நிக்க மாட்டேங்குது!"

அமலோற்பவம் விசையிலிருந்து கையை எடுத்தாள். மேற்கிலிருந்து அடித்த கச்சான் காற்று பெட்டியைப் பிடித்துத் தள்ளியது. பெட்டி கப்பலின் சுவரை நோக்கி ஊசலாடிப் போய், மயிரிழையில் மோதாமல் திரும்பியது. குழியிலிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஒதுங்கினார்கள். மேலே ஏறிவர இருந்த ஒரே ஏணியும் பெட்டி ஆடுகிற பக்கத்தில்தான் இருந்தது. ஆட்டத்தை அடக்க வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தவும் வேண்டும். அவள் தட்டினாள். கைப்பேசியில் இன்னாசி முனகுவது கேட்டது.

"நீரு எடுத்துக்கோரும்!" என்று கொரேராவிடம் கத்தினாள்.

"பாரம் தொங்கும்போது ஆள் மாத்த விடாதும்மா. இறக்கி வச்ச பெறவுதான் என் தாவிய ஏத்துக்கும்."

அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததைக் கேட்டதே அவள் எவ்வளவு பயந்திருந்தாள் என்பதைக் காட்டியது. இடப்பக்கம் தட்டினால் ஐந்து பேர் பிழைப்பார்கள், அங்கே கணவன் கட்டிலின் இரும்புச்சட்டத்தில் போய் இடிப்பான். தட்டாமல் விட்டால் அவன் பிழைப்பான். இப்படி ஒரு கணக்கைப் போடச்சொல்லி யார் அவளை இங்கே உட்காரவைத்தார்கள்?

"ஏளா அமலி." கைப்பேசியில் இன்னாசியின் குரல் நசுங்கி வந்தது. பிலோமி அக்கா அதை அவன் வாயருகே பிடித்திருந்தாள் போலும். "கீழ ஆளு நிக்கா?"

"அஞ்சு பேரு நிக்காங்க."

"அப்ப நீ அதப் பாரு. இதுக்கிட்ட போறேன்னு சொல்லிரு. விட்டுரும்."

எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டான்! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அந்தச் சொல்லை அவனிடம் சொன்னதில்லை. குப்பை கொட்டத் தெருமுனைக்குப் போனால்கூட "வாரேன்" என்றுதான் சொல்வாள்.

"அக்கா, போனைக் கட்டில் பக்கம் பிடிங்க." அவள் விரல்கள் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தன. "போறேன்."

கட்டில் அச்சடித்த புத்தகத் தமிழில் பதில் சொன்னது. "உங்கள் குரலில் உறுதி இல்லை. வருவதாகவே கொள்ளப்படுகிறது."

கொரேரா தலையில் அடித்துக்கொண்டார். அதற்கும் காரணம் நம் ஜனங்கள்தான். வெளியே கிளம்பும்போது சொல்லாத சொல்லை வீட்டுச் சண்டையில் மட்டும் வஞ்சனையில்லாமல் சொல்வார்கள். "நான் எங்கயாச்சும் போறேன்" என்று கத்திவிட்டு வாசல்வரை போய், அரைமணியில் திரும்பிவந்து குழம்பு எங்கே என்று கேட்பார்கள். அதற்குள் அடுப்பு, கதவு, தண்ணீர்த்தொட்டி எல்லாம் இணைப்பை அறுத்துக்கொண்டு நிற்கும். புகார் குவிந்தது. அதனால் எந்திரங்களுக்குள் குரல்நிறுவை என்று ஒன்றை வைத்தார்கள். சொல்லின் எடையை அது நிறுத்துப் பார்க்கும். மனதாரச் சொன்னால்தான் அறுக்கும்.

"போறேன்! போறேன்! விட்டுத் தொலை, போறேன்!"

"கோபத்தில் சொன்னது ஏற்கப்படாது."

"அய்யோ மாதாவே, மூச்சு முட்டுதே இவருக்கு!" என்று பிலோமி அக்கா அலறினாள்.

பெட்டி மறுபடி ஆடியது. அமலோற்பவம் தட்டினாள். இன்னாசியிடமிருந்து இப்போது முனகல்கூட வரவில்லை. கத்திப் பயனில்லை, நடித்துப் பயனில்லை. மனதார வேண்டும். மனதாரப் போவதற்கு அவள் எங்கே போவாள்?

ஒருநாள் மாலை பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது அவள் தன் நிறுத்தத்தில் இறங்கவில்லை. மறந்துபோய் அல்ல. நிறுத்தம் வந்தது, கதவு திறந்தது, மூடியது, அவள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கடைசி நிறுத்தம் உப்பளம். அங்கே ஒரு வரப்பில் உட்கார்ந்தாள். யாரையும் புரட்ட வேண்டாம், யாருக்கும் ஊட்ட வேண்டாம். இருட்டுமுன் எழுந்து திரும்பிவந்து, பஸ் லேட் என்று சொன்னாள்.

இப்போது அவள் அந்த பஸ்ஸில் ஏறினாள். இந்த முறை மனதுக்குள் உப்பளத்திலிருந்து எழுந்து திரும்பவில்லை. வரப்பைத் தாண்டி அப்படியே நடந்தாள்.

"போறேன்," என்றாள். சத்தமில்லை, நடுக்கமில்லை. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. அது அவளையே திடுக்கிடவைத்தது.

"மனதாரச் சொல்லப்பட்டது," என்றது கட்டில். "ஏற்றுக்கொள்கிறோம். நலமுடன் செல்க."

கட்டில் மெல்ல விரியும் சத்தமும், பிலோமி அக்காவின் அழுகையும், இன்னாசி மூச்சை இழுத்து இருமுவதும் கேட்டன. அமலோற்பவம் பெட்டியின் ஆட்டத்தை அடக்கி, கரையில் கொண்டுவந்து இறக்கினாள். குழியிலிருந்து ஏறிவந்தவர்கள் கண்ணாடிச் சுவரைப் பார்த்துக் கையசைத்தார்கள். கொரேரா அவள் தோளைத் தட்டி, "பிழைக்க வச்சிட்டியே அம்மா, ரெண்டு பக்கமும்," என்றார். அவள் தாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

இன்னாசி மல்லாந்து கிடந்தான். கழுத்தோரம் கன்றிச் சிவந்திருந்தது, மற்றபடி உயிருக்கு ஒன்றுமில்லை. பிலோமி அக்கா அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அமலோற்பவம் கட்டிலின் திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"வந்துட்டேன்."

"போனவர் தானாக உள்ளே வர இயலாது. கட்டிலில் இருப்பவர் அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால், கைக்காரர் இல்லாத கட்டில் என்று கருதி, நாளைக் காலை நோயாளியைக் காப்பகத்து வண்டி ஏற்றிச்செல்லும்."

"பாவி மட்டை, வண்டி வருமாம்லா," என்று பிலோமி அக்கா கட்டிலை ஏசினாள். "கூப்பிட்டுட்டாப் போச்சு. இன்னாசி, வான்னு ஒரு வார்த்த சொல்லுமய்யா."

இன்னாசி மனைவியைப் பார்த்தான்.

"கடைசியா சொன்னியே, அத எங்க இருந்துளா எடுத்த?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அன்னைக்கு ஒருநாள் பஸ் லேட்டுன்னு சொன்னேன்ல. லேட் இல்ல. உப்பளத்துல போய் உக்காந்திருந்தேன்."

"தெரியும். சேலையெல்லாம் உப்பு."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

பிலோமி அக்கா கரண்டியைக் கஞ்சியிலேயே வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி, கூப்பிடுங்க," என்றாள் அமலோற்பவம். "உங்களப் புரட்டிப் போடணும். நேரமாச்சு."

இன்னாசி கண்ணை மூடித் திறந்தான். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"வா, அமலி," என்றான், அன்பாகத்தான்.

கட்டில் அந்த அழைப்பை நிறுத்துப் பார்த்தது.

"உங்கள் குரலில் உறுதி இல்லை."

அமலோற்பவத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. விட்டுப் போக நினைத்தது தான் ஒருத்திதான் என்றுதான் அவள் இவ்வளவு நேரமும் குன்றிப்போயிருந்தாள். பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அவன் கோபத்துக்கு என்ன பதில் சொல்வது என்று தயார்செய்துகொண்டு வந்திருந்தாள். அவனும் இத்தனை வருஷமாக அவளைப் போகச்சொல்லி உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு கிடந்திருப்பான் என்று அவள் நினைத்ததே இல்லை.

"மனசாரக் கூப்பிடுங்க," என்றாள். "காலையில வண்டி வந்துரும்."

"அதுக்குத்தான் பாக்கேன், புள்ள," என்றான் இன்னாசி. நெற்றி வியர்த்திருந்தது. "வா. வந்துரு. வா."

"உறுதி இல்லை," என்றது கட்டில்.

பிலோமி அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். அமலோற்பவம் தாவியைத் தரையில் வைத்தாள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் அவன் முதுகுக்குக் கீழே கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவனைத் தானே ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். கனமாகத்தான் இருந்தான்.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள்.