ஐயாயிரம் மீட்டர் வலி

துப்பாக்கி வெடித்ததும் ஓடியவள் இசக்கி. தொடை எரிந்தது தனிஸ்லாஸுக்கு.

மைதானத்தின் நடுவே, நிழற்குடைகளின் கீழ், கல்லூரிப் பயிற்சியாளர்கள் வரிசையாக நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் பிடரியிலும் விரலகலத்தில் ஒரு பட்டை ஒட்டியிருந்தது. வலிமாற்றி என்பது அதன் பெயர். ஓடுகிறவரின் உடம்பு நோவையெல்லாம் வாங்கி, உட்கார்ந்திருப்பவரின் நரம்பில் இறக்கிவிடும். முதலில் பிரசவ அறைகளுக்குத்தான் அது வந்தது. வீராப்பாகப் பட்டையை ஒட்டிக்கொண்ட கணவன்மார் பலர் பாதியிலேயே கட்டிலடியில் சுருண்டார்கள். பிறகு, பல் பிடுங்கப் போகிறவர்கள் கூலிக்கு ஆள் கூட்டிக்கொண்டு போனார்கள். விளையாட்டுக்கு வந்தபோது பயிற்சியாளர் வேலையே தலைகீழாக மாறியது. ஓடச் சொல்லிக்கொடுத்த காலம் போய், ஓட்டத்தைத் தாங்குவதே தொழிலாயிற்று.

அந்தத் தொழிலில் தனிஸ்லாஸ் பேர்போனவர். எத்தனை வலி வந்தாலும் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. சுளித்தால் போச்சு. இவருடைய ஆள் களைத்துவிட்டாள் என்று பக்கத்து நாற்காலிக்காரர் மோப்பம் பிடித்து, தன் ஆளை முடுக்கிவிடுவார். ஆனால் ஐம்பத்தாறு வயதுக்காரருக்குக் கல்முகம் மட்டும் போதாது என்று கல்லூரி நிர்வாகம் நினைத்தது. இன்று பதக்கம் வராவிட்டால் அடுத்த மாதம் அந்த நாற்காலியில் ஓர் இளவட்டம் உட்காரும். காலையில் முதல்வர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். தனிஸ்லாஸுக்குப் பயமாக இருந்தது. வேறு வேலை எதுவும் அவருக்குத் தெரியாது.

"என்ன வே, உமக்கு இப்படி வேர்க்கு?" என்றார் பக்கத்தில் இருந்த கோமதிநாயகம். எதிர்க் கல்லூரிப் பயிற்சியாளர் அவர்.

"வெயிலு வே," என்றார் தனிஸ்லாஸ்.

மூன்று சுற்று மீதமிருந்தபோது இசக்கி இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் அது வந்தது. தொடையிலோ விலாவிலோ இல்லை. நெஞ்சுக்கு நடுவே, அம்மிக்கல்லைத் தூக்கி வைத்ததுபோல அழுத்தியது. பிறகு இடது தோள் வழியாக முழங்கைவரை இறங்கியது. இத்தனை வருடத்தில் எந்தப் பிள்ளையிடமிருந்தும் இப்படியொரு வலி அவருக்கு வந்ததில்லை. வலி தெரியாமலே ஓடி, இதயம் நின்று தடத்திலேயே செத்துவிழுந்த ஒரு பையனின் கதை எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் தெரியும்.

இருவர் காதிலும் மாட்டியிருந்த காதொலிப்பான் வழியாக மெதுவாகச் சொன்னார்: "ஏட்டி இசக்கி, நில்லு."

"எதுக்கு சார்?"

"உனக்கு நெஞ்சு சரியில்ல. ஓரமா வந்துரு."

"எனக்கு ஒண்ணும் செய்யலியே. நல்லாத்தான இருக்கேன்."

"உனக்கு எப்படிட்டி தெரியும்? வலி எங்கிட்டல்லா இருக்கு."

அவள் வேகத்தைக் கூட்டினாள். அப்புறம், "உங்களால தாங்க முடியலன்னா அதச் சொல்லுங்க சார். கொஞ்சம் பல்லக் கடிச்சுக்கிடுங்க. இன்னும் ரெண்டு சுத்துதான்," என்றாள்.

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது இசக்கி முன்னால் இருந்தவளைத் தாண்டிவிட்டாள். மாணவர் கூட்டம் எழுந்து நின்று கத்தியது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், பதக்கம் வந்துவிடும், வேலையும் நிலைக்கும். ஆனால் நெஞ்சில் கல் இன்னும் கனத்து அழுத்தியது. அவளுக்குப் பத்தொன்பது வயது.

பட்டையைக் கழற்றினால் வலி உடையவளிடமே திரும்பும். அவள் நின்றுவிடுவாள். ஓட்டம் செல்லாது என்பது விதி. போனால் போகட்டும் என்று பிடரியில் கைவைத்துப் பிய்த்தெடுத்தார்.

"கிறுக்குப் பிடிச்சிட்டா வே உமக்கு?" என்று கோமதிநாயகம் எழுந்தார்.

வளைவில் இசக்கி வீறிட்டு விழுந்தாள். காலைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டாள். மருத்துவர், படுக்கை தூக்குகிறவர்கள், முதல்வர், கோமதிநாயகம் என்று எல்லாரும் அவளை நோக்கி ஓடினார்கள். காதொலிப்பானில் அவள் அழுகை கேட்டது.

"சார், செத்துருவேன் சார். காலெல்லாம் எரியுது, மூச்சு முட்டுது. என்ன சார் இது?"

களைப்பு. வெறும் களைப்பு. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்த சங்கதி. அவள் அதை முதன்முறையாக அனுபவித்தாள். நெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

தனிஸ்லாஸ் குனிந்து பார்த்தார். பட்டை அவர் கையில் இருந்தது. வலி நெஞ்சிலேயே இருந்தது.

யாரையாவது கூப்பிட வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. முகத்தையாவது சுளித்துக் காட்டலாம் என்று முயன்றார். அந்தப் பழக்கம் எப்போதோ விட்டுப்போயிருந்தது.

காதில் மருத்துவரின் குரல் கேட்டது. அவர் இசக்கியைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்.

"பயப்படாதம்மா, உனக்கு ஒண்ணுமில்ல. ஏதாவது இருந்தா உங்க சாருக்குத் தெரியாமலா போயிருக்கும்? அங்க பாரு, எவ்வளவு நிம்மதியா உக்காந்திருக்காரு."