தவறான பாஸ்வேர்டு

வேதா அன்று ஒருமுறைகூடப் பாஸ்வேர்டைத் தப்பாக அடிக்கவில்லை. ஆனாலும் திரையில் அந்த வரி வந்து நின்றது: பலமுறை தவறான பாஸ்வேர்டு கொடுத்ததால் உங்கள் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது.

மழை கட்டி நின்றதில், அவர்கள் குடியிருந்த உப்பலுக்குப் பிற்பகலிலேயே அந்தி வந்துவிட்டிருந்தது. சமையலறையிலிருந்து ரசத்தின் பெருங்காய வாசனையும், எதிர்ப் பட்டறையில் இரும்பறுக்கும் நீண்ட இழுவைச் சத்தமும் அறைக்குள் வந்து வந்து போயின. அந்த வீட்டில் குடியிருப்பது அவளும் கணவன் ஜகதீசனும் மட்டும்தான். லினக்ஸ் போட்ட அந்தக் கம்ப்யூட்டரில்தான் அவளுடைய ஆபீஸ் வேலை முழுக்க. கொஞ்ச நாளாகவே, அவள் போனை வைத்ததும் யாரிடம் பேசினாய் என்று கேட்கிறான். அவனைத் தவிர இதை யார் தொடப்போகிறார்கள்?

குஷாய்குடா ஆலையில் ஷிஃப்டில் இருந்தவனை அழைத்து, போனை ஸ்பீக்கரில் வைத்தாள்.

“ஏனுங்க, என்ற கம்ப்யூட்டரத் தொட்டீங்களா?”

“நானெதுக்குத் தொடறேன்?”

“பொய் சொல்லாதீங்க. இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்.”

எழுத்து மட்டும் தெரியும் கறுப்புத் திரைக்குப் போய், அட்மின் கணக்கில் நுழைந்து பதிவுகளைத் திறந்தாள். தவறான முயற்சிகள் வரிவரியாகக் கிடந்தன. நெட் வழியாக ஒன்றுகூட வரவில்லை. எல்லாம் இந்த மேஜைமேல் இருக்கும் கீபோர்டிலிருந்து. எல்லாம் சற்றுமுன், அவள் ரசம் தாளித்துக்கொண்டிருந்த நேரத்தில்.

வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள். உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. போனில் ஆலை இயந்திரங்களின் இரைச்சல்.

அவன் இல்லை.

கணக்கின் பூட்டை நீக்கிவிட்டு நுழைவுத் திரைக்குத் திரும்பினாள். அவள் விரல் வைக்கும் முன்பே பாஸ்வேர்டு கட்டத்தில் ஒரு புள்ளி விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. தவறு என்றது திரை. மறுபடி ஒரு புள்ளி.

கம்ப்யூட்டரிலிருந்து கீபோர்டின் ஒயரைப் பிடுங்கினாள்.

“டைப் பண்றத நிறுத்திட்டுப் பேசு புள்ள,” என்றான் ஜகதீசன். “அந்தச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல.”

“நான் டைப் பண்ணலீங்க.”

ஒயர் பிடுங்கிய கீபோர்டு சடசடத்துக்கொண்டே இருந்தது.

இரண்டு கைகளையும் அகல விரித்து விசைகளின்மேல் அழுத்தினாள். விரல்களுக்கு அடியில் இருந்தவை அடங்கின. இடுக்குகளில் இருந்தவை அடங்கவில்லை. ஒவ்வொன்றாக அமுங்கின. சில்லென்று ஏதோ அவள் விரல்களின் ஓரத்தை உரசிக்கொண்டு போனது. நகம்.

புள்ளிகள் நின்றன. எண்டர் விசை தானாக அமுங்கியது.

இந்த முறை தவறு என்று வரவில்லை. திரை திறந்தது.

கைகளை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. பத்து விரல்களின் இடுக்குகளிலும் வேறு விரல்கள் நுழைந்து, மெல்ல, கோத்துக்கொண்டிருந்தன.