இரண்டு தட்டு, பிறகு ஒன்று

இன்ஜினை அணைத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆனாலும் ஹெட்ஃபோனுக்குள் யாரோ தட்டினார்கள்.

முதல் நாள் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓடி நின்ற வண்டி ஆறும்போது இரும்பு டிக் டிக்கென்று முனகுவதும், புகைக்குழாய் நெளிந்து நெளிந்து அடங்குவதும் பட்டறையில் இருபது வருடம் இருந்தவனுக்குப் புதிதில்லை. ஆனால் அந்த முனகலுக்கு ஒரு ஒழுங்கு கிடையாது, ஆற ஆற இடைவெளி நீண்டு தானாக நின்றுவிடும். இது நிற்கவில்லை. இரண்டு தட்டு. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு ஒன்று. அவன் ஹெட்ஃபோனைக் கழற்றி, காதைத் தேய்த்து, மறுபடி மாட்டினான். இரண்டு. பிறகு ஒன்று.

கேட்பதுதான் அவன் தொழில். வேக வண்டிகளுக்கு, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டி, அதற்கேற்ப பெட்ரோலையும் தீப்பொறியையும் கம்ப்யூட்டரில் மாற்றி அமைப்பான். அழுத்தம் கூடினால் பெட்ரோல் அவசரப்பட்டு, தன் முறை வருமுன்பே உள்ளே வெடிக்கும். சுத்தியலால் பிஸ்டனை அடித்தது மாதிரி ஒரு சத்தம் வரும். நாக் என்பார்கள். அதை வெறும் காதால் பிடிக்க முடியாது. இன்ஜினின் உடம்பில் ஒரு சின்ன மைக்கைத் திருகி, ஹெட்ஃபோனின் ஒயரை அதில் சொருகிக் கேட்க வேண்டும். அவன் காதை நம்பி பல பேர் வண்டியை விட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் ஓடாத இன்ஜினில் நாக் கேட்டதாக அவன் காதும் இதுவரை சொன்னதில்லை.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் எதுவும் புரியாது. ஜப்பான் வண்டி. வெள்ளை நிறம், இரண்டு கதவு, வரிசையாக ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. அதன் படத்தை அவன் பீரோ கதவின் உள்பக்கத்தில் ஒட்டிப் பதினோரு வருடம் ஆகிறது. போன வருடம் ஒரு பல் டாக்டர் வீட்டு ஷெட்டில், தார்ப்பாய்க்கு அடியில், நாலு டயரும் காற்றிறங்கி அது கிடந்ததைக் கண்டுபிடித்தவனும் அவன்தான். அந்த வாரம் ஒரு வீட்டு விசேஷத்தில் சாப்பாட்டுப் பந்தியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த சகலையிடம், மனைவியின் தங்கை புருஷனிடம், சந்தோஷம் தாங்காமல் உளறிவிட்டான். அதுவரை டர்போ என்றால் ஏதோ சலவை சோப்பு என்று நினைத்திருந்த ஆள் அவர். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். இரண்டே வாரத்தில் வண்டியை விலைக்கு வாங்கி, ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் ஹாரன் அடித்தார்.

அன்றிலிருந்து அவனுக்கு வயிறு எரிகிறது. எதைச் சாப்பிட்டாலும் எரிகிறது.

"வண்டி என்னுது, மூளை உங்களுது. பறக்க வச்சுக் குடுங்க சகலை," என்று சொல்லி மூன்று நாளைக்கு விட்டுப் போயிருந்தார். அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. வேறொருவன் கை அதன் மேல் படுவதை நினைத்தால் அது இன்னும் மோசமாக இருந்தது.

இரண்டாம் நாள் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யவே இல்லை. பானெட்டைத் தொட்டால் சில்லென்றிருந்தது. மைக்கைக் கழற்றி மேஜையில் வைத்துக் கேட்டான்: ஒன்றுமில்லை. மேஜையோரத்து இரும்புப் பிடியான வைஸில் இறுக்கிக் கேட்டான்: தெருவில் போகும் லாரியின் உறுமல், அவ்வளவுதான். மறுபடி இன்ஜினில் திருகினான். இரண்டு தட்டு. பிறகு ஒன்று. உலோகத்தை உலோகம் அடிக்கும் சத்தமாகவும் அது இல்லை. ஏதோ சின்னதாக, கெட்டியாக, கண்ணாடியில் படுவது போல் மெல்லிசாக இருந்தது. அவசரமே இல்லாத தட்டு. உள்ளே ஆள் இருப்பது தெரிந்து தட்டுகிறவர்களின் தட்டு.

கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தான். பழைய தோல் சீட்டின் வாசனை, சகலை கண்ணாடியில் தொங்கவிட்டிருந்த ரோஜா சென்ட்டின் வாசனை, அதற்கும் அடியில் இன்னொன்று. முடி கருகினால் வருமே, அது. ஒயர் ஏதாவது தீய்ந்திருக்குமோ என்று டேஷ்போர்டு முழுக்கப் பிரித்துப் பார்த்தான். எல்லா ஒயரும் புதுசு போல இருந்தது. வாடை பக்கத்து சீட்டிலிருந்துதான் வந்தது. அந்த சீட்டில் யாரும் இல்லை.

மூன்றாம் நாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது கொட்டுகிற சத்தத்துக்குக் கீழே வண்டியை டைனோவில் ஏற்றி, பின்சக்கரங்களைத் தரையிலிருந்த உருளைகளின் மேல் நிறுத்தி, நின்ற இடத்திலேயே நாலாவது கியர் வரை ஓட்டினான். இரண்டு டர்போவும் காற்றை உறிஞ்சி ஊளையிட, ஸ்டியரிங் அவன் உள்ளங்கைக்குள் நடுங்க, பதினோரு வருடமாக மனதுக்குள் ஓட்டிய வண்டி நினைத்ததைவிட நன்றாகவே ஓடியது. அதுதான் தாங்கவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தால் கூரைதான் தெரிந்தது. அது சகலையின் உயரத்துக்குத் திருப்பி வைத்த கண்ணாடி.

அப்போதுதான் போன் வந்தது. "எப்படி சகலை, குதிரை? ஒரு வருஷம் ஓட்டறேன். போரடிச்சா வேற யாருக்கும் குடுக்க மாட்டேன், உங்களுக்குத்தான். செகண்ட் ஹேண்டுல!" சகலை சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் நெஞ்சில் ஏதோ முறிந்தது.

லேப்டாப்பில் எண்கள் கட்டம் கட்டமாக இருந்தன. எந்த வேகத்தில், எவ்வளவு அழுத்தத்தில் தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்று ஒவ்வொரு கட்டமும் சொல்லும். வலது கீழ் மூலையில் ஒன்பது கட்டங்களை மட்டும் மாற்றினான். நாக் வந்தால் இன்ஜினைக் காப்பாற்றப் பின்வாங்கும் காவல் ஒன்று உண்டு, அதை அணைத்தான். ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. பாலம் தாண்டியதும் வரும் நேர் ரோட்டில், நாலாவது கியரில், ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால்தான் அந்த ஒன்பது கட்டங்களுக்குள் வண்டி நுழையும். நுழைந்தால் பிஸ்டன் உருகும். இன்ஜின் மட்டும்தான் போகும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்று தனக்கே இரண்டு தடவை சொல்லிக்கொண்டான். எனக்குக் கிடைக்காதது அவருக்கும் வேண்டாம்.

சேமித்தான்.

ஹெட்ஃபோனில் தட்டு வந்தது. இரண்டு. ஒன்று. இரண்டு. ஒன்று. இந்த முறை வேகமாக. பிடுங்கி எறிந்தான். சத்தம் நிற்கவில்லை. பட்டறையின் சின்னக் கதவிலிருந்து வந்தது.

கதவின் கண்ணாடிக்கு வெளியே அவன் மனைவி, ஒரு கையில் குடையும் கூடையுமாக, மறு கை மோதிரத்தால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ நேரங்க தட்டறது? அதக் காதுல மாட்டிட்டா உலகமே தெரியாதா?"

அவனுக்கு உயிர் வந்தது. சிரிப்பே வந்துவிட்டது. "நீதானா! மூணு நாளா நீதான் தட்டிட்டு இருந்தியா? நான் என்னென்னமோ நெனச்சேன்."

அவள் பிளாஸ்க்கை மேஜையில் வைத்தாள். "மூணு நாளா நான் தங்கச்சி வீட்ல இல்ல இருந்தேன்? இப்பத்தான் வரேன். மறந்துட்டீங்களா?"

டீயை வாங்கிக்கொண்டான்.  ஒரே மடக்கில் குடித்தான்.

ஆறு மணிக்கு மழை விட்டது. சகலை வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு அவன் மனைவியிடம், "வாங்க அண்ணி, வீட்ல இறக்கி விடறேன். உங்க தங்கச்சிக்கு இதுல ஏறினாலே தலை சுத்துதாம்," என்றார்.

அவன் ஏதாவது சொல்வதற்குள் அவள் கதவைத் திறந்துவிட்டாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பை அவன் பார்த்து வெகு நாள் ஆகியிருந்தது. "பதினோரு வருஷமா இவரு இதையே சொல்லிட்டு இருக்காரு தம்பி. அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கறேன். வேகமாவே ஓட்டுங்க."

ஒரு வார்த்தை போதும். ஒரு ஒயரைப் பார்க்கணும், நாளைக்கு வாங்க என்றால் முடிந்தது. "மெதுவாவே போங்க சகலை," என்று மட்டும் சொன்னான்.

"ஏன், உங்க வேலை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

அவன் மனைவி உட்கார்ந்த பக்கம் போனான். பந்தய வண்டிகளில் போடுகிற நாலு பட்டை சீட் பெல்ட் அது. அவளுக்கு மாட்டத் தெரியவில்லை. அவனே குனிந்து, தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு என்று இழுத்து, நடுவில் பூட்டி, இறுக்கிவிட்டான். அந்தச் சிரிப்பு இன்னும் அவள் முகத்தில்தான் இருந்தது. அது சகலையின் வண்டிக்கான சிரிப்பு. கொஞ்சம் அதிகமாகவே இறுக்கினான்.

"ஏங்க, இத எப்படிக் கழட்டறது?"

அவன் சொல்ல வாயெடுத்தான். சகலை சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமலில் பதில் அடிபட்டுப் போனது. அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வண்டி போய்விட்டது.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் பாலம் தாண்டித்தான் போக வேண்டும், பாலத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அவள் உட்கார்ந்திருக்கும்போது சகலை அழுத்த மாட்டார் என்று நினைத்தான். வேகமாவே ஓட்டுங்க என்றாளே என்றும் நினைத்தான். மேஜையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான். அப்போது ஹெட்ஃபோனின் ஒயர் கண்ணில் பட்டது. அதன் மறுமுனையில் ஒன்றும் இல்லை. மைக்கை இன்ஜினிலிருந்து கழற்ற மறந்து அப்படியே அனுப்பியிருக்கிறான்.

ஒயர் வெறுமனே தொங்கியது.

ஹெட்ஃபோனைக் காதில் வைத்தான். ஏன் வைத்தான் என்று தெரியாது.

தூரத்தில் இரண்டு டர்போ. மூன்றாவது கியர். அவன் அமைத்த சுருதி, சுத்தமாக. அவள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள்.

போனை எடுத்தான். சகலைக்கு அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. அவளுக்கு அடித்தான். மேஜையின் மேல், பிளாஸ்க்குக்குப் பக்கத்தில், அவள் மறந்து வைத்துப்போன கூடைக்குள் போன் ஒலித்தது.

காதில் கியர் மாறியது.

நாலு.

"வேண்டாம்," என்றான். "கால எடு. சகலை, கால எடுங்க." யாரும் இல்லாத பட்டறையில் கத்தினான். ஊளை ஏறியது. ஏறியது. பிறகு உள்ளே சுத்தியல் விழுந்தது. ஒன்று. நூறு. இரும்பு கிழிந்தது. டயர் அலறியது. பிறகு எதுவுமே இல்லை.

வெகு நேரம் எதுவும் இல்லை.

பிறகு மெல்லிசாக. அவசரமில்லாமல்.

இரண்டு. ஒன்று.

ஹெட்ஃபோனைக் கழற்றித் தரையில் போட்டான். தட்டு நிற்கவில்லை. சின்னக் கதவிலிருந்து வந்தது. முடி கருகும் வாடை வந்தது. வந்துவிட்டாள், ஒன்றும் ஆகவில்லை, நடந்தே வந்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டே ஓடினான். அந்தக் கதவை அவன் ஒரு நாளும் பூட்டியதில்லை. கைப்பிடியைப் பிடித்தான். உள்ளங்கைத் தோல் வெந்து அதிலேயே ஒட்டிக்கொண்டது. கைப்பிடி திரும்பவில்லை.

கண்ணாடியில் பார்த்தான்.

அந்தப் பக்கம் தெரு இல்லை. விளக்குக் கம்பம் இல்லை. மிக அருகில் அவள் உட்கார்ந்திருந்தாள். தோளில் இரண்டு பட்டை, இடுப்பில் இரண்டு. அவன் இறுக்கிய இறுக்கம் அப்படியே இருந்தது. அவளுக்குப் பின்னால் ஏதோ ஆரஞ்சு நிறத்தில் அசைந்தது. அவள் பயந்த மாதிரி தெரியவில்லை. டீ கொண்டுவந்து வாசலில் நிற்கும்போது பார்ப்பாளே, அப்படித்தான் அவனைப் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள். "இத எப்படிக் கழட்டறது?"

மோதிரம் கண்ணாடியைத் தட்டியது. இரண்டு. பிறகு ஒன்று.